ஏரிக்கரையில் இல்லாத செருப்பு

அனுப்புநர்:
காணாமல் போன பெண்ணின் தகப்பன்,
உள்ளூர்ச் சிறுகதை இதழின் ஆசிரியர்,
அச்சகத்துக்கு மேல்மாடி.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: எங்கள் இதழில் வந்த சிறுகதையை நம்பி நிறுத்தப்பட்ட தேடுதலை மீண்டும் தொடங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருந்துக்கடையில் வேலை பார்த்துவந்த என் ஒரே மகள், சென்ற அக்டோபரில் ஒரு காலை வேலைக்குக் கிளம்பினாள். கடைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அன்றே புகார் கொடுத்தேன். தங்கள் ஆய்வாளர் முதலில் நன்றாகவே தேடினார். அதில் குறை சொல்ல மாட்டேன்.

2. என் மனைவி ஒரு காலத்தில் நல்ல கதைகள் எழுதியவர். மகள் போனபின் சோறு இறங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஜனவரியில் உட்கார்ந்து ஒரு கதை எழுதினார். அதில் வரும் பெண் ஏரியில் மூழ்கி இறக்கிறாள். எழுதி முடித்த அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார். அதற்காகவே அதை இதழில் போடச் சம்மதித்தேன்.

3. அத்தோடு விட்டிருக்கலாம். ஆசிரியர் புத்தி விடவில்லை. இறந்தாள் என்று மட்டும் சொன்னால் எவன் நம்புவான், கரையில் என்ன கிடந்தது என்று எழுது என்றேன். புதிதாக எழுத வருகிற எல்லோரிடமும் நான் ஓதுகிற பாடம் அது. அவர் எழுந்துபோய் வாசலில் கிடந்த மகளின் பழைய செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். வார் அறுந்து ஊக்கு குத்திய அந்தச் செருப்பை அப்படியே கதையின் கரையில் வைத்தார். கதை எழுந்து நின்றுவிட்டது. வாசகர்கள் ஒரே கடிதத்தில் அனுதாபமும் சொல்லி, நடையையும் பாராட்டினார்கள்.

4. ஆய்வாளர் எங்கள் சந்தாதாரர், ரசனை உள்ளவர். கதையைப் படித்துவிட்டு ஏரியில் ஒரு பகல் முழுக்கப் படகு விட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. “ஊக்கு வரைக்கும் எழுதியிருக்காங்களே, பாக்காம எப்படி சார் வரும்? பெத்தவங்களே முடிச்சுட்டீங்க, நாங்க இனி என்னத்த தேடறது?” என்று கோப்பை மூடிவிட்டார். கற்பனை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். செருப்பையே கொண்டுபோய்க் காட்டினேன். அதே மாதிரி இன்னொரு ஜோடி இருந்திருக்கும் என்கிறார். அதிலும் ஊக்கு இருந்திருக்குமா ஐயா?

5. இதைவிடக் கொடுமை வீட்டில். என் மனைவியும் அந்தக் கதையை நம்பத் தொடங்கிவிட்டார். மகளுக்காக இத்தனை நாள் தாழிடாமல் வைத்திருந்த கதவை இப்போது தாழிடுகிறார். இந்த மனுவில் கையெழுத்துக் கேட்டேன். “முடிஞ்சதை ஏன் கிளறுறீங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். தேட நான் ஒருவன்தான் மிச்சம்.

6. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தங்கள் துறையிடம் வந்தேன். முடிவு எழுத எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

ஆகவே, மூடிய கோப்பைத் திறந்து, என் மகளை மீண்டும் தேட ஆணையிடுமாறு தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: இவ்வூர்
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
தகப்பன் (ஒப்பம்)

இணைப்பு: செருப்பு ஒரு ஜோடி, ஊக்குடன். பார்த்தபின் தயவுசெய்து திருப்பித் தரவும். அன்று போட்டுப்போன புது ஷூ கடிக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் படியிறங்கினாள். வந்ததும் இதைத்தான் தேடுவாள்.