மஸ்கட் அறைக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு

அன்புள்ள மன்சூருக்கு,

இத்தனை மாதம் பேசாமல் இருந்தது போதும். நீயும் வீட்டாரும் நலம்தானே? உன் மகள் நிக்காஹ்வுக்கு ஊரையே அழைத்து என்னை மட்டும் விட்டுவிட்டதை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் நேற்று நடந்ததைச் சொல்ல உன்னைவிட்டால் ஆளில்லை.

அறைக்கு நம்மூர்ப் பூட்டைப் போட்டிருக்கிறேன். சாவித் துவாரத்தை மூடியிருக்கும் தகட்டை எப்படி நகர்த்துவதென்று தெரியாமல், கூடத் தங்கியிருக்கும் மலையாளி வர்கீஸ் நான் வரும்வரை வெளியிலேயே நின்றான்.

"சேட்டா, இது பூட்டா, பரீட்சையா?" என்றான்.

வாய்விட்டுச் சிரித்தேன். "ஏலே, விடுறா அவன, பாவம்" என்று சொல்ல நீ பக்கத்தில் இல்லை.

அவனுக்கும் ஒரு பூட்டு வேண்டுமாம். வாங்கி அனுப்பு, கூடவே ஊர்க்கதை நாலு வரி எழுது.

கோபம் தீராததால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். என் கையெழுத்து மறந்திருந்தால் பதில் வேண்டாம்.