ஒருத்தரும் அடிவாங்காத காமெடி

பங்குனி, திங்கள். காலையிலேயே கொதிக்கிறது.

வேறு எதற்கு? கூட்டம் சேரத்தான் எங்கள் காமெடிப் படத்துக்கு அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டேன். கூட்டாளி சிக்கந்தர்தான் விடாமல் கேட்கிறான், "நம்ம ரெண்டு பேரு பத்தாதாலே?"

பத்தாது. இத்தனை நாள் நாங்கள் போனில் எடுத்த காமெடியை ஊரில் யாரும் பார்க்கவில்லை. இந்த ஐவரும் ரீல்ஸில் பெரிய ஆள்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றால் செல்ஃபிக்கு மொய்க்கிறார்கள். எங்கள் பரளச்சி அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குத் திரை கட்டி எங்கள் படத்தைப் போட கமிட்டி சம்மதித்ததே இவர்களுக்காகத்தான்.

சிக்கந்தரின் அப்பா, அவன் அத்தா என்பான், சொல்லிவிட்டார்: "ஊரு சிரிச்சா ஒரு வருசம் இங்கன இரு. இல்லாட்டி மாமா அனுப்புன விசாவுக்குக் கெளம்பு." சவூதி. கடை வேலை.

அவன் போனால் எனக்கு யார்? காலேஜுக்கும் போகவில்லை, வேறு சிநேகிதமும் இல்லை.

புதன். காற்றே இல்லை. ஷூட்டிங்.

கதை சின்னது. ஆடு திருடப் போகிறவர்கள் ஆளாளுக்கு அடி வாங்க வேண்டும். முதல் அறை விழும் காட்சியிலேயே ஷூட்டிங் நின்றது.

"தம்பி, நான் அறை வாங்குனா நல்லாவா இருக்கும்? எத்தனை பேரு என்னையப் பாக்குறாக!" என்றார் ஐவரில் ஒருவர்.

"அப்ப பக்கத்துல நிக்கிற அவருக்கு விழட்டும்ணே" என்றேன்.

"எனக்கா? ஏலே, யாருகிட்ட பேசுற?"

ஐவரில் ஒருத்தனும் அடி வாங்க மாட்டான்; எல்லா அறையும் சிக்கந்தருக்கே விழுந்தது. கடைசி வசனம் எல்லாருக்கும் வேண்டும். ஆளுக்கொரு ஹீரோ நடை, பாட்டோடு.

சாப்பாடு: புரோட்டா. அதிலும் சண்டை, யாருக்கு முதலில் என்று.

வெள்ளி.

எடிட்டிங். ஐந்து நடைக்கு இடம் வேண்டும். சிக்கந்தர் அடி வாங்கும் காட்சி போய்விட்டது.

"வெட்டு மாப்ள. அவுக கோவிச்சுக்கிட்டா படமே நிக்கும்" என்றான் அவனே.

போன மாதம் டவுன் தியேட்டரில் பார்த்த படத்துக்கும் இதே கதி. போஸ்டர் நிறைய ஹீரோ. அத்தனை பேரும் கெத்தாக நின்றார்கள். பாப்கார்ன் மெல்லும் சத்தம்தான் கேட்டது. சிரிக்க வைக்க எவனாவது கேவலப்பட வேண்டும். புரிந்துதான் இருந்தது. புரிந்து என்ன?

ஞாயிறு. படம் போட்டாச்சு.

முதல் ஆள் திரையில் வந்ததும் மைக்கில் கமிட்டித் தலைவர்: "நிறுத்துப்பா, நிறுத்து! அண்ணன் வந்துட்டாக!" மேடையில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். கைதட்டல். மறுபடி படம். இரண்டாவது ஆள். நிறுத்து. துண்டு. இப்படியே ஐந்து பேருக்கும். மூன்றாவது துண்டிலேயே பெண்கள் பாயைச் சுருட்டினார்கள்.

"என்னக்கா கத இது?"

"துண்டு போடுற கததான்டி."

ஒரே ஒரு தடவை சிரிப்பு. ஐந்தாவது ஆள் கண்ணாடி போட்டு நடக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், ஓரத்தில், ஆடு துரத்தி சிக்கந்தர் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுகிறான். நான் வெட்ட மறந்தது. மிச்சமிருந்த கூட்டத்தில் திடலே குலுங்கியது. அவன் அத்தாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பார்த்தேன்.

அதற்குள் மைக்: "நிறுத்துப்பா!"

முடிந்ததும் அத்தா வந்தார். சிக்கந்தர் தோளில் கை வைத்தார்.

"நீ விழுந்தது நல்லாருந்துச்சுப்பா."

காலியான திடலைக் காட்டினார்.

"ஆனா ஊரு பாதியிலயே எந்திரிச்சுப் போயிருச்சே. பெட்டியக் கட்டு."

வியாழன். வெயில்தான், வேறென்ன.

வெட்டின காட்சி போனில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்டேன். நான்கு அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழி. இதை மட்டும் போட்டிருந்தால்...

வாசலில் சிக்கந்தர் கத்துகிறான்: "ஏலே, மதுர ஏர்போட்டுக்கு பஸ்ஸு வந்துரும், பெட்டியத் தூக்க வாரியா இல்லையா?" போகணும்.