முன் இருக்கையில் வந்தவர்கள்

பெயர் சொல்லி நான் ஒருநாளும் அழைத்திராத பர்ஹானாவின் வாப்பாவுக்கு,

நமது லொறிச் சாரதியை நான் துரத்திவிட்டதாகக் கல்முனையில் ஒரு கதை உலாவுகிறது. அது பிழை. லொறியைக் கிளப்பும் திறப்பை மதில்மேல் வைத்துவிட்டு அவராகவே போனார். கொன்வென்டில் படித்த திமிர் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். படித்தது உண்மை. மற்றதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

நீங்கள் மறைந்தபின் நான் வீட்டோடு இருந்த இத்தா முடிவதற்குள் ஒரு போகத்து அறுவடை கடந்துவிட்டது. லொறி வீட்டு வளவுக்குள்ளேயே நின்றது. அடுத்த போகத்துக்குத்தான் இறக்காமத்திலிருந்து இந்தச் சாரதியை வேலைக்கு எடுத்தேன். நாவிதன்வெளியில் நெல் வெட்டும் மெசின் ஒன்றை ஏற்றி அடுத்த ஊர் வயலுக்குக் கொண்டுபோகவேண்டும். அதுதான் முதல் ஓட்டம்.

நீங்கள் லொறி ஓட்டிய காலத்து உங்கள் சட்டம் எனக்குத் தெரியும். மெசின்காரர் முன் இருக்கையில் இருக்கவேண்டும்; அவர் வராவிட்டால் மெசின் ஏறாது. "சாமானுக்குரியவன் பக்கத்துல இரிந்தாத்தான் என்ட கை நிதானமா இரிக்கும்" என்பீர்கள். அதையே சாரதியிடம் சொன்னேன்.

"அவர் மோட்டர்சைக்கிள்ல வாறாராம் உம்மா. எனக்கு என்னத்துக்குக் காவல்? மெசினக் கொண்டுபோய் விக்கவா போறன்?"

"எங்கட வீட்டு ஹாஜியார் ஒருநாளும் ஆளில்லாம லொறிய எடுக்கல்ல, தம்பி."

"ஹாஜியாருக்குப் பொழுதுபட்டாக் கண் தெரியா, உம்மா. றோட்டுக்கு மேலால போற கறண்டு வயரப் பார்த்துச் சொல்லத்தான் பக்கத்துல ஆள் வெச்சிருந்தாரு. லொறிக்காரன் எல்லாருக்கும் தெரியும். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இரிக்கு."

திறப்பை மதில்மேல் வைத்த சத்தம் கேட்டது. அந்த மெசின் அன்றைக்கே வேறு லொறியில் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த சாரதிமாரும் என் நிபந்தனையைக் கேட்டதும் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

கடைசிக் காலத்தில் பத்திரிகையை என்னிடம் நீட்டுவீர்களே, "நீ வாசிச்சாத்தான் எனக்குச் செய்தி விளங்குது" என்று. என் உச்சரிப்பை மெச்சுகிறீர்கள் என்று நினைத்துப் பெருமையோடு வாசித்தேன். கண்ணாடி போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே எனக்கு. எழுத்து கண்ணுக்குத் தெரியாமல்தானா கேட்டீர்கள்?

பர்ஹானா லொறியை விற்கச் சொல்கிறாள். அது ஓடாவிட்டால் எனக்கு வருமானம் இல்லை. மருமகனிடம் கை நீட்ட என்னால் இயலாது. உங்கள் சட்டம் மெசினுக்காக என்றால், ஒரு குடும்பத்தின் சொத்தை ஏற்றிக்கொண்டு அதை எப்படி மீறுவேன்? உங்கள் கண்ணுக்காக என்றால், நல்ல கண்ணுள்ளவர்களை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது? யாரிடம் போய்க் கேட்பது?

தெரியும்வரை லொறியை விற்கமாட்டேன். கண்ணுக்காகத்தான் என்று தெரிந்தால், இறக்காமத்துக்கு நானே போய் அந்தத் தம்பியின் கையில் திறப்பைக் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களால் பதில் எழுத இயலாது; அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பர்ஹானாவின் வாப்பாவோடு முன் இருக்கையில் வந்த மெசின்காரர் எவராவது இதை வாசித்தால், வழிநெடுக அவர் உங்களிடம் என்ன கேட்டுக்கொண்டு வந்தார் என்பதைத் தயவுசெய்து எனக்கு எழுத்தில் அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
பர்ஹானாவின் உம்மா