நான் அழித்த வகுத்தல்

ஜூலை 8, திங்கள்

புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. மணி பதினொன்றரை. இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்றுதான் தெரியவில்லை. மகள் நிவி தூங்கினால்தான் எனக்கு மேசை.

அவள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாகக் கணக்கு நாட்குறிப்பு. விடை மட்டும் போதாதாம். எப்படி யோசித்தாய், எங்கே தடுக்கியது, எல்லாம் வாக்கியமாக. டீச்சர் படித்துவிட்டுக் கீழே பதில் எழுதுவார். மார்க் கிடையாது.

இன்று: 138 எலுமிச்சை, 6 கூடை, சமமாகப் பிரி. நிவி எழுதியது: ‘முதல்ல எல்லா கூடைக்கும் இருபது. பதினெட்டு மிச்சம். அப்புறம் மூணு மூணு.’ அவள் அத்தை மார்க்கெட்டில் சங்கரா மீனைக் கூறு போடுவது இப்படித்தான். முதலில் எல்லாக் கூறுக்கும் ஒரே அளவு, பிறகு மிச்சத்தைப் பங்கிட்டு. பார்த்துப் பார்த்து இவளுக்கும் வந்துவிட்டது.

விடை சரி. இருந்தும் ரப்பரை எடுத்தேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள் வீட்டுப் பிள்ளை நோட்டில் இப்படியா என்று. முறைப்படி வகுத்தல், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஜூலை 9, செவ்வாய்

வாங்க: ரப்பர், துவரம் பருப்பு, இவருக்கு முதுகுவலித் தைலம். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வாடை. சன்னல் சாத்தியே இருந்தது.

டீச்சரின் பதில்: ‘அழகான வகுத்தல். இதில் நீ யோசித்தது எது, நிவேதா?’

மூன்று முறை படித்தேன்.

சாயங்காலம் அண்ணி, நிவியின் அத்தை, வந்தார்.

“இன்னாத்துக்குப் புள்ள மூஞ்சிய தூக்கி வெச்சினு கீது?”

“கணக்கு அண்ணி.”

“அது நல்லாத்தான போடும். ஞாயித்துக்கெழம எங்கிட்ட ஒக்காந்து எட்டு கூறு போட்டுச்சு. ஒண்ணு கொறையல.”

“அது வேற, பள்ளிக்கூடத்துக் கணக்கு வேற.”

“இன்னா வேற? நீ காலேஜ்ல படிச்சிட்டு வந்து பிரிச்சா மீனு ஜாஸ்தி ஆயிடுமா?”

நிவி வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 10, புதன்

வகுப்பிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நிவியின் பக்கம் வெறுமை. தேதி மட்டும்.

“ஏன்டி?”

“நான் எழுதுனா நீ அழிப்ப. அங்க நீ இல்ல. எது கரெக்டுன்னு எனக்குத் தெரில.”

நோட்டுக்குள் டீச்சர் அனுப்பிய ஒரு படிவம்: வீட்டில் செய்கிறாள், தனியாக முடியவில்லை. வகுத்தல் புரியவில்லை எனத் தோன்றுகிறது. திங்கள் முதல் கணக்கு நேரத்தில் நாலாம் வகுப்பில் உட்காரட்டும். பெற்றோர் கையெழுத்து.

இவர் டிரெய்லரோடு துறைமுக கேட் வரிசையில். போனில் சொன்னேன்.

“கையெழுத்து போட்டு வுடும்மா. நாலாவதுல குந்திகினா இன்னா, குடியா முழுகிப் பூடும்?”

படிவத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். ரப்பரைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

காலையில் தூறல். நிவிக்கு வயிற்று வலி, ஓமத் தண்ணீர். வலி நிஜமா என்று கேட்க வாய் வரவில்லை. அனுப்பிவிட்டேன். தோசை அப்படியே தட்டில்.

தூங்கப் போகும்போது கேட்டாள். “சின்னப் பசங்களோட உக்காரணுமாம்மா?” நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, “பரவால்ல.”

அந்தப் ‘பரவால்ல’வைத்தான் தாங்க முடியவில்லை. பத்து வயது.

படிவம் இன்னும் மேசையில். அவள் நோட்டில், டீச்சரின் பதிலுக்குக் கீழே, பேனாவில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று எனக்கும் இருக்கட்டும்:

‘டீச்சர், திங்கட்கிழமைப் பக்கத்தில் இருப்பது நிவேதா யோசித்தது இல்லை. நான் சொல்லி எழுத வைத்தது. அவளாக எழுதியிருந்ததை நான் அழித்துவிட்டேன். அது சரியாகவே இருந்தது. அவளுக்கு வகுக்கத் தெரியும்; நான்தான் அவளைப் பயப்பட வைத்திருக்கிறேன். படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.’