இரண்டு பக்கமும் முகமுள்ள மட்டை

அத்தை,

காலையிலிருந்து முற்றத்தில் ஆளிவிதை எண்ணெய் வாசம். பேரன் புதுக் கிரிக்கெட் மட்டைக்குப் பூசிக்கொண்டிருக்கிறான். "பாட்டி, மூக்கைப் பொத்திக்கோ, இன்னும் ஒரு வாரம் நாறும்" என்கிறான். நான் பொத்தவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிளென்மார்கன் பங்களாவில், மழைக்காலத்துக்கு முன்னால், துரையின் கோல்ப் மட்டைகளைச் சாய்த்து வைத்து இதே எண்ணெயைத் துணியில் தோய்த்துப் பிடி முழுக்கத் தேய்ப்பீர்கள். "மரம் குடிக்கட்டும், அவசரப்படாத" என்பீர்கள். அந்த வீட்டில் நீங்கள் மூத்த ஆயா. நான் உங்கள் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, தரை மெழுகும் வேலைக்கு உங்களோடு சேர்ந்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் தலை நிமிர்ந்து நடப்பவள். இன்றும் இந்தத் தெருவில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நான் தலை குனிந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது உங்களுக்குத் தெரியும்.

என் இடது கை.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கையில் அடி வாங்கி வாங்கித்தான் வலது கையால் எழுதப் பழகினேன். பெண் பார்க்க வந்தபோது அம்மா என் இடது கையில் ஒரு பழத்தட்டைக் கொடுத்துப் பிடித்திருக்கச் சொன்னாள். சும்மா இருந்தால் அது தானாக முன்னால் வந்துவிடும். பீச்சாங்கைக்காரி விளக்கேற்றினால் வீடு விளங்காது என்று பேசிய காலம் அது. உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் ஆள் இருக்கும்போது வலது கை, இல்லாதபோது இடது கை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கிறிஸ்துமஸ் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஊட்டி கிளப்பில் துரைசானிகள் தங்கள் ஆயாக்களைப் புல்தரையில் நிறுத்தி, பந்தைக் குழியில் தள்ளச் சொல்லி வேடிக்கை பார்ப்பது வழக்கம். பட்டர் என்று அவர்கள் சொல்லும் அந்தத் தள்ளுமட்டையை, அவரவர் துரைசானியின் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள். ஜெயித்தவளுக்குக் கம்பளிச் சால்வை. முந்தின வருசம் நீங்கள் ஆடியிருந்தீர்கள். இடுப்பு வலியோடு குனிந்ததில் முந்தானை காலில் சிக்கி, பந்து பின்பக்கமாக உருண்டு போனதாம். இத்தலார் பக்கத்து எஸ்டேட்டில் ஆயாவாக இருந்த உங்கள் நாத்தனார் அதைச் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் நடித்தே காட்டினாளாம். தன் மகளை உங்கள் மகனுக்குக் கட்டவில்லை என்ற ஆத்திரம் அவளுக்கு.

அந்த வருசம் துரைசானியின் கண் என்மேல் விழுந்தது. வராந்தாக் கம்பளத்தில் தம்ளரைச் சாய்த்து வைத்து, மூன்று மட்டைகளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் விரல்மேல் படுக்க வைத்துக் காட்டினாள். கட்டைத் தலை வைத்த ஒன்று, அடிக்கும் முகத்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. இரும்புத் தலை வைத்த குட்டை மட்டை, தலையின் நுனியை மூக்கு மாதிரித் தொங்கப் போட்டது. மூன்றாவது, மெல்லிய பித்தளைத் தகடு மாதிரி. அதுவும் மூக்கைத் தொங்கப் போட்டது, ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் அடிக்கும் முகம்.

"கை நேரா போனா இந்தக் கட்டை. கை கதவு மாதிரி சுத்திப் போனா மூக்கு தொங்கறது" என்றாள் துரைசானி, தன் சமையலறைத் தமிழில். "மட்டை பாத்து கை மாறாது. கை பாத்து மட்டை எடு."

நான் வலது கைக்காரி மாதிரி நின்று கட்டைத்தலை மட்டையை எடுத்தேன். பளபளவென்று அதுதான் அழகாக இருந்தது. பந்து நாற்காலிக் காலில் போய் இடித்தது. குட்டை மட்டையை எடுத்தேன். பந்து நாய் படுத்திருந்த சாக்குக்கு அடியில் போயிற்று. துரைசானி உதட்டைச் சுழித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனாள்.

நீங்கள் மேசைத்துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமலே சொன்னீர்கள்.

"அம்மிணி, அவ வர்றதுக்குள்ள கைய மாத்திப் புடி."

கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்தேன். "ஏனுங்கத்தை, என்ன சொல்றீங்க?"

"நீ வந்து நாலு நாள்லயே தெரியும். நாங்க மெழுகுனா வட்டம் ஒரு பக்கமாச் சுத்தும். நீ மெழுகுன ரூமுல எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்குது. வெயில் உழுந்தா அப்படியே தெரியுது."

"அவருக்கு?"

"என்ற மகனா? அவன் தரையப் பாத்து நடந்தா அன்னைக்கு மழை வரும்." துணியை உதறினீர்கள். "உன்ற கையி வட்டமாத்தான் போவுது. மூக்குத் தொங்கறதுதான் உனக்கு. அந்தப் பித்தளைய எடு. எந்தப் பக்கம் நின்னாலும் அது கோவிச்சுக்காது."

எடுத்தேன். இடப்பக்கமாக நின்றேன். பந்து தம்ளருக்குள் போய் டிங் என்றது. இன்னொன்றும் போனது. நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அழுகை வந்தது.

"ஊட்டியில எல்லாரும் இருப்பாங்களுங்க அத்தை. உங்க நாத்தனாரும் இருப்பாங்க. அங்க நான் இப்படி நிக்கமாட்டனுங்க."

"சரி. உன்ற இஷ்டம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஆட்டத்தன்று பனி கரைந்து புல் ஈரமாக இருந்தது. ஒரு பக்கம் துரைமார், துரைசானிகள். இன்னொரு பக்கம் பட்லர்களும் டிரைவர்களும் பை தூக்குகிறவர்களும். ஆளுக்கு மூன்று பந்து. உங்கள் நாத்தனார் தன் முறையில் இரண்டை உள்ளே தள்ளிவிட்டு, உங்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க அண்ணி, மருமகளுக்கு முந்தானையை நல்லா இழுத்துச் சொருகி உட்டீங்களா? உங்க ஊட்டுக்கே அது ஆகாதே."

"உனக்கு வாய்க்குள்ள ஒரு குழி இருக்குது, எந்தப் பந்து போட்டாலும் உழுகும்" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் கட்டைத்தலை மட்டையோடு போய் வலப்பக்கமாக நின்றேன். முதல் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. இரண்டாவது, கொடி பிடித்திருந்தவரின் பூட்ஸில் பட்டது. துரைமார் சிரித்தார்கள். டிரைவர்கள் அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். எனக்குப் பார்வை மங்கியது.

அப்போது யாரும் உள்ளே வரக்கூடாத அந்தப் புல்லில் நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தீர்கள். கக்கத்தில் துண்டு சுற்றிய பித்தளை மட்டை. என் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தீர்கள். என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி நிறுத்தினீர்கள், பந்தலில் பெண்ணைத் திருப்பி நிறுத்துவதுபோல.

"அத்தை, வேண்டாமுங்க."

"அடி. அடிச்சுட்டு அழுவு."

அடித்தேன். உள்ளே போனது. கைதட்டினார்கள். ஆனால் என் காதில் விழுந்தது ஒரு குரல்தான்.

"அட, பீச்சாங்கை! மறைச்சில்ல கட்டி வெச்சுட்டாங்க. அண்ணி, உங்கள நல்லா ஏமாத்திப்புட்டாங்க."

நீங்கள் திரும்பினீர்கள். "ஆரும் ஏமாத்துல. கேட்டுத்தான் கட்டுனேன். மறைச்சது நானு. கேக்கறதுன்னா என்னையக் கேளு."

என் அம்மா உங்களிடம் அப்படி ஒரு சொல்லும் சொன்னதில்லை. என் வீட்டின் மானத்துக்காக, உங்கள் சனத்தின் முன்னால், நீங்கள் நின்று பொய் சொன்னீர்கள். வேறு எவளாவது இருந்திருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பாள். எனக்கு வந்தது கோபம் அத்தை. இத்தனை பேர் பார்க்க என்னைத் திருப்பி நிறுத்திவிட்டீர்களே என்று. என் பெருமை அப்படிப்பட்டது.

சால்வை உங்கள் நாத்தனாருக்குப் போயிற்று. காரில் திரும்பும்போது துரைசானி முன்சீட்டிலிருந்து, முதலிலேயே ஏன் அப்படி நிற்கவில்லை என்று கேட்டாள். "ஷை, மேடம். கூச்சமுங்க" என்றீர்கள் நீங்கள். கிளென்மார்கன் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அரிவாள்மணையை மட்டும் எனக்குத் தோதாகத் திருப்பிப் போட்டு வைப்பீர்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் நான் அதை மறுபடி திருப்பி வைப்பேன். அவர்கள் போனதும் நீங்கள் திருப்புவீர்கள். நாம் இரண்டு பேரும் வருசக்கணக்காக அதை மாற்றி மாற்றித் திருப்பினோம்.

வெள்ளைக்காரர்கள் போனார்கள். நாம் குன்னூரில் சொந்தமாக ஒரு வீட்டுக்கு வந்தோம். நீங்கள் படுக்கையில் விழுந்த கடைசி நாளில் அறை முழுக்க உறவு. யாரோ என்னிடம் பால் கிண்ணத்தைக் கொடுத்து, மருமகள் கையால் ஒரு வாய் கொடுக்கச் சொன்னார்கள். வலது கையில் ஸ்பூனைப் பிடித்தேன். ஸ்பூன் சாய்ந்து, பால் உங்கள் தாடையில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "கைய மாத்து, அம்மிணி. சிந்துது."

மாற்றினேன். சிந்தாமல் கொடுத்தேன். ஆனால் கொடுக்கிற அந்த நேரத்தில் என் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்க. திரும்பி உங்களைப் பார்த்தபோது நீங்கள் விழுங்கி முடித்துக் கண்ணை மூடியிருந்தீர்கள்.

வாசலில் நின்றவர்களின் முகங்களை இப்போது கேட்டாலும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அந்தப் பாலைக் குடித்தபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது, அத்தை.