இரண்டு பெட்டியிலும் என் தவுல்

செவ்வாய்க்கிழமை, பெரம்பலூர்.

மகன் தன் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இரண்டு டிஜிட்டல் ஸ்பீக்கர் பெட்டிகளை, கம்ப்யூட்டரிலிருந்து சத்தத்தை வெளியே அனுப்பும் இன்டர்ஃபேஸ் கருவியில் மாட்டினான். ஒரே கேபிளில் இரு பக்கச் சத்தமும் வரும். எந்தப் பெட்டி எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொன்றின் பின்னாலுமுள்ள சுவிட்ச்தான் பிரிக்கும். நாங்கள் சேர்ந்து வாசித்துப் பதிந்ததைப் போட்டான்; இடது என் தவுல், வலது ஆண்டிமடத்து மச்சானின் பம்பை. ஆனால் இரண்டிலும் தவுல்தான் கேட்டது.

“அப்பனும் மவனுமா என் அடிய அழிச்சிட்டீங்களாடா?” என்று மச்சான் எகிறினார்.

“அடிச்சிருந்தாத்தான மச்சான் கேக்கும்?” என்றேன்.

இனி என்னோடு எந்தக் கோயிலிலும் வாசிப்பதில்லை என்று கத்திவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மாட்டும்போதே பார்த்தேன். இரண்டு சுவிட்சும் மகன் ‘இடது’ என்று எழுதி ஒட்டிய பக்கமே இருந்தன. நானே படித்தேன். வாயைத் திறக்கவில்லை.

நாளை போன் செய்து சொல்லிவிடலாம். நாளை மறுநாள் சொன்னாலும் ஒன்றும் ஆகாது.