இடம் மாறிய மணிக்கூண்டு

இன்று காலை பக்கத்து வீட்டில் சுவர் பூசுகிறார்கள். ஈரச் சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் காபியை வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகிறது, மேஸ்திரி.

தொண்ணூறுகளின் நடுவில் அணுபுரம் குடியிருப்பு வேலையில் நான் வரைபடக்காரன், நீ மேஸ்திரி. மாமல்லபுரத்துப் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய டச்சுச் செதுக்கோவியப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்த நீ, ஒரு தேவாலயத்தில் நின்றுவிட்டாய். கூரை முகப்பு இருபுறமும் படிப்படியாக ஏறி உச்சியில் கூடியது. இடப்பக்கம் ஒல்லியாக ஒரு மணிக்கூண்டு.

“இன்னா மச்சான், படிக்கட்ட கூரை மேல வெச்சிகீறான்? எங்க கோயிலுக்கு இதான்!”

சதுரங்கப்பட்டினத்தில் உங்கள் தெரு அப்போது ஓலைக்கொட்டகையில்தான் ஜெபித்தது. “ஊரான் வூட்டையெல்லாம் கட்டிட்டேன், சாமிக்குத்தான் வூடு இல்ல” என்பாய். நான் படத்தைப் பார்த்து அளவு போட்டேன். வேலை முடிந்த மாலைகளில் நீ கட்டினாய். திறப்பு நாளில் மைக்கைப் பிடித்து, “ஹாலந்துல கீறது அப்டியே இங்க கீது!” என்றாய்.

நான்கு வருடம் கழித்து, உங்கள் ஊர்க் கோட்டைக்குள் இருக்கும் டச்சுக் கல்லறைகளைப் பார்க்க ஹாலந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி கோயில் முன் நின்று சிரித்தார். அது அவருடைய ஊர்த் தேவாலயமாம். ஆனால் அங்கே மணிக்கூண்டு வலப்பக்கம்!

ஊர் முன்னால் ‘அப்டியே’ என்று சொன்னவன் நீ, வரைந்த கை என்னுடையது. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். படத்தில் இடப்பக்கம்தான். அவர் விளக்கினார்: செப்புத் தகட்டில் பார்த்தபடியே செதுக்கினால், மை தடவித் தாளில் ஒற்றும்போது இடம் வலமாகிவிடுமாம். ஓவியர் அதைப் பொருட்படுத்தவில்லையாம்.

தமிழில் உனக்குச் சொன்னேன். நீ மணிக்கூண்டையே பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

“வலப்பக்கம் இன்னா கீது? புளியமரம். இந்தப் பக்கம் கடலு. போட்ல வர்றவனுக்கு இதான் தெரியும். அந்தம்மாவாண்ட சொல்லு மச்சான், அவங்க ஊர்லதான் மாத்திக் கட்டிட்டாங்கோ!”

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்மணி உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கோயிலிலிருந்துதான் உன்னை வழியனுப்பினோம். யாரோ இந்தக் கதையை எடுக்க, அழுதுகொண்டிருந்த உன் மனைவியே சிரித்துவிட்டாள்.

இப்போதெல்லாம் சவரம் செய்யும்போது கண்ணாடிக்குள் இடம் வலமாக நிற்பவனைப் பார்த்து, அவன் ஊரில் அவன் சரிதான் என்று நினைத்துச் சிரித்துவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு முறையாவது கன்னத்தில் கீறல் விழுகிறது.